ஏற்காட்டுக் காய்ச்சல்

பிரிந்துபோன கணவனும் மனைவியும் லீவுக்குப் போன மலை ஊரில் மறுபடி சேர்ந்துகொள்ளும் கதை என்று கிளெமென்ட் போனில் சொன்னபோதே தமயந்திக்கு வாய் கோணியது. பதினான்கு வருடமாக டப்பிங் பேசுகிறவள் அவள். கன்னட சீரியல் மருமகள்களுக்காகத் தமிழில் அழுதிருக்கிறாள். ஊறுகாய் விளம்பரத்துக்குச் சப்புக்கொட்டியிருக்கிறாள். ஒரு வங்கிக்கு போன் போட்டால் 'தமிழுக்கு மூன்றை அழுத்தவும்' என்று பொறுமையாகச் சொல்வதும் அவள்தான். இத்தனை வருடத்தில் அவள் கண்டது ஒன்று: படத்தில் மனிதர்கள் மலை ஏறியதும் அவர்கள் பேச்சுக்குப் புத்தி கெட்டுவிடும். சமவெளியில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவன் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் கவிஞனாகிவிடுவான்.

படம் இருபத்திரண்டு நிமிடம்தான், இரண்டு நாள் வேலை, நாயகி மும்பைப் பெண், தமிழில் ஒரு வார்த்தை வராது என்றார் கிளெமென்ட். வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். படம் பிடித்தால்தான் பேசுவேன் என்று அவள் இருந்திருந்தால் பதினான்கு வருடமும் வாயை மூடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

கிளெமென்ட்டின் ஸ்டுடியோ நீலசந்திராவில் ஒரு தையல் கடைக்கு மேல் இருந்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர். சின்ன வயதில் சர்ச்சில் கிட்டார் வாசித்தவர். யாரையும் 'மா' போட்டுத்தான் கூப்பிடுவார். தமயந்திக்குக் கல்யாணம் ஆனது அவருக்குத் தெரியும், புருஷனோடு இல்லை என்பதும் தெரியும். அதற்கு மேல் அவர் கேட்டதில்லை, அவள் சொன்னதுமில்லை. ஹெப்பகோடியில் இருந்த புருஷன் வீட்டை விட்டு அவள் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது ஜோகுபாளையத்தில் மௌரீன் என்ற அம்மாளின் வீட்டு மாடியில் இரண்டு அறை எடுத்துத் தனியாக இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு பூத்துக்குள் போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். டைரக்டர் பதினொன்றரைக்குத்தான் வருவார், அதற்குள் முதல் பாதியை முடித்துவிடலாம் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கிளெமென்ட் சொன்னார். திரையில் படம் ஓடியது. பனி மூடிய ரிசார்ட். இரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளாத கணவனும் மனைவியும் தனித்தனியாக வந்து இறங்குகிறார்கள். கம்ப்யூட்டர் தப்பால் இருவருக்கும் ஒரே அறையைக் கொடுத்துவிடுகிறார்கள். ஊரில் வேறு அறையே இல்லையாம், கிறிஸ்துமஸ் கூட்டமாம். தமயந்தி மூக்கால் சிரித்ததை மைக் எடுத்துக்கொண்டது. கிளெமென்ட் அதை அழித்துவிட்டு, சும்னே இரு மா, நம்ம கதையா இது, என்றார்.

இரண்டாவது காட்சியில் நாயகி படி ஏறிக்கொண்டே எண்ணுகிறாள். பதினேழு, பதினெட்டு என்று உதட்டுக்குள். தமயந்தி அதைப் பேசிக் கொடுத்துவிட்டு ஒரு கணம் நின்றாள். படி ஏறும்போது எண்ணுவது அவளுடைய பழக்கம். சரி, ஊரில் ஆயிரம் பேர் எண்ணுவார்கள். மூன்றாவது காட்சியில் நாயகி காப்பியை ஆற்றாமல் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருக்கிறாள். கணவன், "இன்னும் கலக்கிட்டுத்தான் இருக்கியா?" என்கிறான். நான்காவது காட்சியில், அம்மா வீட்டிலிருந்து போன் வந்தால் அவள் பால்கனிக்குப் போய்க் கன்னடத்தில் பேசுவதைப் பற்றி அவன் கேலி செய்கிறான். உனக்குக் கோபத்துக்கு ஒரு மொழி, என்னோட பேச ஒரு மொழி, என்கிறான்.

இந்த வசனத்தை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். ஹெப்பகோடி வீட்டின் சமையலறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது.

டைரக்டர் பேர் என்ன என்று கேட்டாள். கிளெமென்ட் மூக்குக்கண்ணாடியை இறக்கித் தாளைப் பார்த்து, கவியரசன்னு போட்டிருக்கு மா, புதுப் பையன் போல, என்றார்.

புதுப் பையனுக்கு நாற்பத்தொரு வயது. எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை. சனி ஞாயிறில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கலைஞனாக இருப்பான். ஆம்பூர்ப் பக்கத்தில் தமிழ்ப் பற்றும் கருப்புத் துண்டுமாக இருந்த அப்பா அந்தப் பெயரை வைத்துவிட்டுப் போனார். பெயரைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற கவலை பையனை அன்றிலிருந்து விடவில்லை. கல்யாணமான புதிதில் அவன் எழுதிய மூன்று திரைக்கதைகளைத் தமயந்திதான் ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தாள். மூன்றிலும் மழை பெய்தது. மூன்றிலும் ஒரு பெண், நாயகனின் மௌனத்தைத் தாமதமாகப் புரிந்துகொண்டு அழுதாள்.

அவர் என் வீட்டுக்காரர் என்று கிளெமென்ட்டிடம் சொன்னாள். கிளெமென்ட் சத்தத்தை நிறுத்தினார். வேற ஆளப் பாத்துக்கலாம் மா, நீ கெளம்பு, தயாரிப்பாளர்கிட்ட தொண்டை சரியில்லன்னு சொல்லிடறேன், என்றார். நல்ல மனிதர். ஆனால் தமயந்திக்குப் போக மனசில்லை. வேலையை ஒத்துக்கொண்டால் முடிக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னாள். உண்மையில் இவன் வீட்டிலிருந்து இன்னும் என்னென்ன எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்று பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. திருடு போன வீட்டில் அலமாரி அலமாரியாகத் திறந்து பார்ப்பார்களே, அந்த மாதிரி.

ஏழாவது காட்சியில் நாயகிக்குக் காய்ச்சல் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே பனி. உள்ளே கட்டிலில் நாயகி, காய்ச்சலிலும் மை கலையாத கண்களோடு. நாயகன் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து துணியை நனைத்து நெற்றியில் போடுகிறான். எடுக்கிறான், பிழிகிறான், போடுகிறான். பின்னால் கிட்டார். வெளிச்சம் மாறுவதைக் காட்டி, பகல் முழுக்க அவன் நகரவில்லை என்று புரியவைக்கிறார்கள். ஒரு இடத்தில் அவன் கண்ணில் தண்ணீர் வேறு.  தமயந்தி ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கும் காய்ச்சல் வந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால், டிசம்பரில், ஏற்காட்டில். ஏரிக்குப் பின்னால் ஒரு சின்ன லாட்ஜ். இரண்டாம் நாள் காலையில் உடம்பு கொதித்தது. ட்ரைபாடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கவியரசன் கதவருகில் நின்றான். மாத்திரை போட்டுட்டுத் தூங்கு, லைட் போயிடும், என்று சொல்லிவிட்டுப் போனான். மணி ஏழு. அப்புறம் படுக்கை விரிப்பை எடுக்க வந்த வாட்ச்மேன் மனைவி இவளைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனாள். தன் தோளில் கிடந்த துண்டை நனைத்து நெற்றியில் போட்டாள். வீட்டுக்கு ஓடிப்போய் நொய்க் கஞ்சியும் நார்த்தங்காய்த் துண்டும் கொண்டுவந்தாள். கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள், வாந்தியைத் துடைத்தாள். பகல் முழுக்க இருந்தாள். ஆறு மணிக்கு இருட்டுகிற நேரத்தில் கவியரசன் வந்தான். முகம் தெளிஞ்சிருக்கே, என்றான். கேமராவின் பின்பக்கத் திரையில் நூற்று நாற்பது போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். எல்லாம் வெளிச்சம்.

அந்தத் துண்டைத்தான் இப்போது ஒரு நடிகன் பிழிந்துகொண்டிருந்தான்.

கவியரசன் சொன்ன நேரத்துக்கு வந்தான். தாடி வைத்திருந்தான். தோளில் சணல் பை. முன்பெல்லாம் லேப்டாப் பைதான். கண்ணாடிக்குப் பின்னால் தமயந்தியைப் பார்த்ததும் அவன் தயங்குவான், முகம் வெளுக்கும், திரும்பிப் போய்விடுவான் என்று அவள் நினைத்திருந்தாள். இரண்டு வருடம் பிரிந்திருந்ததில் அவனைப் பற்றி அவளுக்கு நல்ல எண்ணம் கொஞ்சம் கூடியிருந்தது போல. அவன் கண்கள் நிறைந்தன. கையைக் கூப்பினான். பூத்தின் கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டான்.

"தமு, இது கடவுள் செயல்."

கடவுள் இல்லை என்று வாசலில் கல் பதித்த வீட்டில் பிறந்தவன். தேவைப்படும்போது வரவழைத்துக்கொள்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவளைத் தேடிக் கூப்பிடவில்லை என்றும், கிளெமென்ட்டிடம் இவள்தான் பேசுகிறாள் என்று தெரியவே தெரியாது என்றும் அவன் சத்தியம் செய்தான். அது பொய்யில்லை. ஷூட்டிங் முழுக்க அவள் குரல்தான் காதில் கேட்டதாம். படத்தை முடித்ததும் முதல் ஆளாக அவளுக்குத்தான் அனுப்புவதாக இருந்தானாம். அதைப் பார்த்துவிட்டு அவளே போன் செய்வாள் என்று நம்பியிருந்தானாம்.

இரண்டு வருடத்தில் அவன் ஒருமுறைகூட ஜோகுபாளையம் வரவில்லை. வந்து, கீழே நின்று, ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஒரு மணி நேர பஸ் பயணத்தோடு முடிந்திருக்கும். இவன் அதற்குப் பதிலாக ஆபீஸில் லீவு போட்டு, தயாரிப்பாளரைப் பிடித்து, மலையில் பனிக்காகக் காத்திருந்து, இருபத்திரண்டு நிமிடம் தன்னையே படம் எடுத்திருக்கிறான்.

"வேலையப் பாக்கலாங்க," என்றாள்.

கிளெமென்ட் டீ குடிக்கப் போவதாக எழுந்தார். போகாதீங்க என்று அவள் சொன்னதும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கவியரசன் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டாக்பேக் பொத்தானில் விரலை வைத்தான். அதை அழுத்தினால் அவன் குரல் நேராக அவள் காதுக்குள் வரும். எட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவளுக்குக் கிடைக்காத நெருக்கம் அது.

ஒவ்வொரு வரிக்கும் அவன் பாடம் எடுத்தான். இங்க அவளோட ஈகோ உடையுது. இங்க அவ தன் தப்ப உணர ஆரம்பிக்கறா. இன்னும் கொஞ்சம் ஈரமா. இந்த 'ம்' கொட்டறது இருக்கில்ல, அதுல ஒரு பழைய பாசம் தெரியணும். தமயந்தி சொன்னபடி பேசினாள். ஈரம் வேண்டுமென்றால் ஈரம், பாசம் வேண்டுமென்றால் பாசம். அவள் தொண்டைக்கு அதெல்லாம் குழாயைத் திறக்கிற வேலை. கண்ணாடிக்கு அப்பால் அவன் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். கிளெமென்ட் இருவரையும் பார்க்காமல் திரையில் ஓடும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி காய்ச்சல் காட்சி வந்தது. அதில் நாயகிக்கு ஒரே ஒரு வரி. கண்ணைத் திறந்து கணவனைப் பார்த்து, நீங்க போகவே இல்லையா, என்று கேட்க வேண்டும். அவன், எங்க போவேன், என்பான். தமயந்தி முதல் டேக்கில் அதைச் சரியாகப் பேசினாள். இரண்டாவதும் சரியாகத்தான் இருந்தது. இன்னொன்று வேண்டும் என்றான். மூன்றாவது டேக்கில் அவள் திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க போகவே இல்லையா?"

காதுக்குள் கிளிக் என்றது. "சூப்பர், தமு. இதான். இதத்தான் கேட்டேன்," என்றான் அவன்.

அவள் ஹெட்ஃபோனைக் கொக்கியில் தொங்கவிட்டுவிட்டு வெளியே வந்து அவன் எதிரில் நின்றாள்.

"ஏற்காட்டுல எனக்குத் துணி நனைச்சுப் போட்டது யாருங்க?"

"நான்தான்."

"நீங்க ஏழு மணிக்குப் போனீங்க. இருட்டினப்புறம் வந்தீங்க."

அவன் முகத்தில் குழப்பம்தான் தெரிந்தது. போனேன், ஏரி வரைக்கும், ஒரு அரை மணி நேரம், மனசு கேக்காம திரும்பி வந்துட்டேனே, என்றான். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், துணியைப் பிழிந்து பிழிந்து விரல் ஊறிப்போனதும் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நீ மயக்கத்துல இருந்த, உனக்கு எப்படித் தெரியும், என்றான். போட்டோவில் நேரம் இருக்குமே, எடுத்துப் பாருங்கள் என்றாள். அப்போது கேமராவில் நேரம் சரியாக வைத்திருக்கவில்லை என்று உடனே சொன்னான்.

தமயந்தி அவன் கையைப் பார்த்தாள். அவன் பொய் சொல்லி அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். மேனேஜருக்கு போன் செய்து வயிற்றுப்போக்கு என்பான். அம்மாவிடம் சாப்பிட்டாச்சு என்பான். அப்போதெல்லாம் இடது கை போய்க் காது மடலைத் தேய்க்கும். இப்போது இரண்டு கையும் மடியில் அப்படியே கிடந்தன. அவன் பொய் சொல்லவில்லை. நம்புகிறான். எழுதி, திருத்தி, நடிகனுக்குச் சொல்லிக்கொடுத்து, இருபது முறை எடிட் பண்ணிப் பார்த்ததில் அந்த முக்காலியில் தானே உட்கார்ந்துவிட்டான்.

"வாட்ச்மேன் சம்சாரம் போட்டாங்க. பகல் பூரா அவங்கதான் இருந்தாங்க."

"பெட்ஷீட் எடுக்க ஒரு அம்மா வந்தாங்க, ஞாபகம் இருக்கு," என்றான் அவன். "அவங்க பேரு என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. மறந்துபோய் வராமல் இல்லை, அவள் கேட்டதே இல்லை. மௌரீனிடம், தங்கையிடம், சீரியலில் கூடப் பேசும் பெண்களிடம் எத்தனை தடவை இந்தக் கதையைச் சொல்லியிருப்பாள். சொல்லச் சொல்லக் காய்ச்சல்கூட நூற்றிரண்டிலிருந்து நூற்று நான்குக்கு ஏறியிருந்தது. ஒவ்வொரு தடவையும் கதை அவனைப் பற்றித்தான். அந்தப் பெண் துண்டோடு வந்துவிட்டுத் துண்டோடு போய்விடுவாள். ஊர் திரும்பும்போது நன்றி சொன்னோமா என்றுகூட இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

"பாத்தியா," என்றான் கவியரசன், ரொம்ப மென்மையாக. ஜெயித்துவிட்ட மென்மை. அதைக் கேட்டதும் அவளுக்குத் தன் மேல் வந்த வெட்கம்கூட நின்று, கோபம் பழையபடி அவன் மேல் திரும்பியது.

அன்றைக்கு அத்தோடு போதும் என்று கிளெமென்ட் சொல்லிவிட்டார். கடைசிக் காட்சி மட்டும் பாக்கி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். தமயந்தி நீலசந்திராவிலிருந்து பஸ் பிடிக்காமல் ரொம்ப தூரம் நடந்தாள். நடக்கும்போது ஒரு விஷயம் பிடிபட்டது. அவளுடைய பீரோவில் ஒரு வருடமாக ஒரு காகிதக்கட்டு கிடந்தது. வக்கீல் ஜெயலட்சுமி தயார் செய்து கொடுத்த மனு, இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கு. அவன் கையெழுத்துப் போட மாட்டான், கேட்டுப் பயனில்லை என்று வக்கீலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனிடம் கேட்டதே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது தெரிந்தது. பொய்க்காரனால் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட முடியும். ஆமா தமு, அன்னைக்கு உன்ன விட்டுட்டுப் போனேன் என்று அவன் மாடிப்படியில் வந்து நிற்பான் என்று அவள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனை ஏளனத்துக்கும் அடியில் அந்த ஒரு ஆசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவனிடம் சொல்வதற்கு உண்மையே இல்லை என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது. இனி எதற்குக் காத்திருப்பது?

மறுநாள் பையில் அந்தக் காகிதக்கட்டோடு போனாள்.

கடைசிக் காட்சி சூரிய உதயம். நாயகன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். நாயகி வெறுங்காலோடு பனியில் ஓடிவந்து அவன் முதுகில் சாய்ந்துகொண்டு சொல்கிறாள்: நான்தான் உங்களப் புரிஞ்சுக்கல, என்ன மன்னிச்சிடுங்க. பிறகு டைட்டில்.

இந்த வரியைப் பேச மாட்டேன் என்று தமயந்தி சொன்னாள். கவியரசன் முதலில் சிரித்தான், பிறகு கெஞ்சினான். இந்த வரிக்காகத்தான் மொத்தப் படமும் என்றான். வேறு குரல் போட்டால் ஒட்டாது, இத்தனை நேரம் உன் குரலில் கேட்டுவிட்டுக் கடைசியில் வேறொருத்தி பேசினால் படம் செத்துவிடும் என்றான். அடுத்த வாரம் ஒரு விழாவுக்கு அனுப்பக் கடைசி நாள் என்றான். அது உண்மைதான் என்று கிளெமென்ட்டின் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

அவள் பையிலிருந்து கட்டை எடுத்து மிக்ஸருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பேசறேன். சனிக்கிழமை வக்கீல் ஆபீசுக்கு வந்து இதுல கையெழுத்துப் போடுங்க."

அவன் முதல் பக்கத்தைப் படித்தான். நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். தாடியைத் தடவினான். தையல் கடையிலிருந்து மிஷின் சத்தம் மேலே கேட்டது. அவன் காகிதத்தை வீசி எறிவான் என்று தமயந்தி எதிர்பார்த்தாள். படமாவது மயிராவது, நீ வேணும் எனக்கு என்று சொல்வான் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் பயந்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"முழு மனசோட பேசுவியா?"

கிளெமென்ட் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. நேற்றுப் போல மூக்கால் வந்த சிரிப்பில்லை, வயிற்றிலிருந்து வந்தது. அடக்கிக்கொண்டு, பேசுவேன் என்றாள். சொன்னபடியே பேசினாள். ஒரே டேக். குரலில் அழுகை இருந்தது, வெட்கம் இருந்தது, வெறுங்காலில் பனி பட்ட நடுக்கம்கூட இருந்தது. பதினான்கு வருடத்தில் அவள் பேசியதிலேயே நல்ல வரி அதுதான் என்று கிளெமென்ட் பிறகு ஒருநாள் சொன்னார். கவியரசன் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான். மன்னிச்சிட்டேன் தமு, என்றான், டாக்பேக்கை அழுத்தி.

சனிக்கிழமை அவன் வந்தான். ஒவ்வொரு பக்கத்திலும் கலைஞனுக்குரிய கையெழுத்தாக, வால் நீட்டிப் போட்டான்.

படம் விழாவில் ஓடியது, பிறகு இணையத்தில் வந்தது. நிறையப் பேர் பார்த்தார்கள். தமயந்தி பார்க்கவில்லை. மௌரீன் பார்த்தாள். ஏற்காட்டுக் கதையை ஐந்தாறு தடவை கேட்டு, அவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிற மௌரீன். ஒரு நாள் மத்தியானம் மாடியேறி வந்தாள். கையில் போன், கண் சிவந்திருந்தது. எப்படிப் பாத்துக்கறான் பாரும்மா அந்த ஆளு, இப்படி ஒருத்தன் கெடைக்கணுமே, என்றாள். யார் எடுத்த படம் என்று தமயந்தி சொன்னாள். மௌரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருந்தாலும் நல்லா எடுத்திருக்கான், என்றாள். கண்ணாடியில்லாமல் ஊசி கோக்கிற அந்த அம்மாளுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

ஆறு மாதம் கழித்துக் குடும்ப நீதிமன்றத்தில் கடைசித் தேதி. நீதிபதி ஒரு பெண்மணி. சொந்த விருப்பத்தோடுதான் பிரிகிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். தமயந்தி ஹௌது என்றாள். கவியரசனுக்குக் கேள்வியைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஆமாங்க என்று தழுதழுத்தான். இவ்வளவுதானா என்பதுபோல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஜெயலட்சுமி அடுத்த வழக்குக்கு ஓடிவிட்டார்.

வெளியே படிக்கட்டில் வெயில் கொளுத்தியது. தமயந்தி ஆட்டோவுக்கு போனில் பதிவு செய்தாள், எட்டு நிமிடம் என்று காட்டியது. கவியரசன் பக்கத்தில் வந்து நின்றான். தாடியை எடுத்துவிட்டிருந்தான். அவள் எதிர்பார்த்தபடி அழவில்லை, குற்றம் சொல்லவில்லை. அடுத்த படத்துக்கு ஒரு கரு கிடைத்திருப்பதாகச் சொன்னான். நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கிக்கொண்டு வெளியே வரும் கணவன் மனைவி. திடீரென்று மழை. இருவருக்கும் ஒரே ஆட்டோதான் கிடைக்கிறது. இந்தத் தடவை முழுநீளப் படம், தயாரிப்பாளரிடம் பேசியாகிவிட்டது, அந்தப் பெண்ணுக்கு உன் குரலைத் தவிர வேறு எதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்றான்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. தமயந்தி அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். குறுக்கே பேசவில்லை. காது மடலைத் தேய்க்கிறானா என்றும் பார்க்கவில்லை, அது இனி அவளுக்கு வேண்டாத விஷயம். பசி எடுத்தது. இரண்டு மணிக்குக் கிளெமென்ட்டிடம் ஒரு பிரஷர் குக்கர் விளம்பரம் இருந்தது. போகிற வழியில் எங்காவது நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டாள்.

ஆட்டோ வந்தபோது அவன் கதையில் இடைவேளையைத் தாண்டியிருந்தான். அவள் ஏறி உட்கார்ந்து, டிரைவரிடம் கன்னடத்தில் நீலசந்திரா என்று சொன்னாள். வண்டி நகர்ந்த பிறகும் அவன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ ஒரு காட்சியை விளக்கிக்கொண்டிருந்தான்.